பதினான்காம் பெட்டி

கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்மணிக்குக் கண்ணாடியக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டதும் அவள் மூக்கைப் பார்ப்பார்கள். மூக்கின் மேல் ஒன்றும் இருக்காது. ஐம்பத்துநான்கு வயதிலும் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோக்கிற பார்வை அவளுக்கு.

பெயர் வந்தது வேலையால். ஃபிலிம் வருவதற்கு முன்னால் கண்ணாடித் தகட்டில்தான் படம் எடுப்பார்கள். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்த அகலத்துக்கு ஒரு தகடு. அதில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் ஒரு தெருவே இருக்கும். இந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு அப்பாவும் மகனும் இப்படி வீடு வீடாக, தெருத் தெருவாக எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். ஆட்களை எடுத்தாலாவது யாராவது வந்து வாங்குவார்கள், வீட்டுச் சுவரை எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று அந்த வீட்டுப் பெண்கள் கேட்காமலா இருந்திருப்பார்கள்? என்ன பதில் கிடைத்ததோ. ஸ்டூடியோவை மூடியபோது நாற்பத்தோரு மரப்பெட்டிகள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தன. சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்லிக் கல்லூரிக்குப் பழக்கமில்லை. வாங்கிக் கீழ்த்தளத்தில் அடுக்கிவிட்டு, பார்த்துக்கொள்ள இவளைப் போட்டார்கள். அது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு.

வேலை என்று பார்த்தால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தகட்டை எடுக்க வேண்டும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும். அடியில் விளக்கு எரிகிற பெட்டியின் மேல், நான்கு ஓரத்தை மட்டும் தாங்குகிற சட்டத்தில் வைத்து, மேலே தலைகீழாகத் தொங்குகிற கேமராவால் படம் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். தகட்டுக்கு ஒரு பக்கம் பளபளவென்று இருக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். மங்கல் கீழே, பளபளப்பு மேலே. மாற்றி வைத்தால் படம் இடவலம் மாறிவிடும். இடது பக்கத்து வீடு வலது பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். இதில் ஒரு வம்பும் உண்டு. மங்கல் பக்கம் கீறிவிடக் கூடாது என்பதற்காகப் பெட்டிக்குள் தகடுகளை மங்கலோடு மங்கல் முகம் பார்க்கிற மாதிரி ஜோடி ஜோடியாக அடுக்கியிருப்பார்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்க முடியாது. ஒவ்வொன்றையும் பார்த்து, தேவைப்பட்டால் திருப்பி வைக்க வேண்டும். கண்ணாடியக்கா பார்ப்பதுகூடக் கிடையாது. கையுறைக்குள் இருக்கிற விரலுக்கே தெரிந்துவிடும்.

படம் பிடித்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஊரைச் சுற்றுவாள். எந்தத் தெரு, எந்த வரிசை, எத்தனையாவது வீடு, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சீட்டில் எழுத வேண்டும். இன்று வங்கி இருக்கிற இடத்தில் ஒரு வீடு, வாசலில் ஒரு நாற்காலி. இன்று பேருந்து திரும்புகிற இடத்தில் ஒரு மாடி, மாடியில் காயப்போட்ட போர்வை. ஒரு வீட்டுக்காக நான்கு நாள் அலைந்ததும் உண்டு. தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுவாள். குத்துமதிப்பாக எழுதியதே இல்லை. நூலகர் ஒரு பிடிவாதக்காரர். எல்லாவற்றுக்கும் படிவம் வைத்திருப்பவர், தும்மினால்கூட எழுதிக் கொடுக்கச் சொல்வார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். பிழை நேர்ந்தால் நிரப்புவதற்கென்று அவர் அச்சடித்து வைத்திருந்த சீட்டுக் கட்டு கீழ்த்தளத்தில் மட்டும் பிரிக்கப்படாமலே கிடந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் அதே கல்லூரியில் ரசாயனக்கூட உதவியாளர். பிள்ளை இல்லை. கல்லூரித் தெருவில் ஒன்பதாவது வீடு. சந்தை முனையில் நின்று கல்லூரியின் மணிக்கூண்டைப் பார்த்தால் இடது வரிசை. அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் பதினான்கு பதினான்கு வீடுகள். ஒரே ஒப்பந்தக்காரர் ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டியது. மூன்று படி, இரண்டு ஜன்னல், நடுவில் கதவு. அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். குடிவந்த புதிதில் எதிர்வரிசை வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ கேட்டவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள்.

எதிர்வரிசையில், சரியாக நேர் எதிரே இருக்கிற ஒன்பதாவது வீட்டில் அவள் கணவரின் அக்கா. கண்ணாடியக்காவுக்கு அண்ணி முறை. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் கத்திக் கத்திப் பேசிய தொண்டை. ஓய்வு பெற்ற பிறகும் தொண்டைக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. தம்பி ஒரு நாளைக்குப் பத்து தடவை தெருவைக் கடப்பார். இந்த வீட்டில் ஒரு வாய் டீ, அந்த வீட்டில் ஒரு வாய் டீ. இரண்டு பெண்களும் அவர் வழியாகவே பேசிக்கொண்டு, பெரிய சண்டையும் இல்லாமல் பெரிய ஒட்டுதலும் இல்லாமல் காலத்தை ஓட்டினார்கள்.

ஒரு நாள் காலை, முகத்தில் பாதிச் சவரம் முடிந்திருந்தபோது அவர் குளியலறைத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போன பிறகு, ஆட்கள் வந்து சேர்வதற்குள், அவள் மீதிப் பாதியைச் சவரம் செய்து முடித்தாள். நுரை காய்ந்துபோயிருந்தது. தண்ணீர் சுடவைத்து, மறுபடியும் நுரை போட்டு, தாடைக்கு அடியில் தோலை இழுத்துப் பிடித்து, ஒரு கீறல் இல்லாமல் செய்தாள். எதிர்வீட்டிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்த அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"கை நடுங்குதா பாரு," என்றாள் அண்ணி, யாரைப் பார்த்தும் இல்லாமல். "கண்ணுல ஒரு சொட்டு இருக்கா பாரு."

இல்லைதான். அழ வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். வந்தவர்கள் எல்லோரும் கட்டிப்பிடித்து "அழுதுடு, அழுதுட்டா பாரம் குறையும்" என்றார்கள். அவளும் முயற்சி செய்துதான் பார்த்தாள். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்கும்? தொட்டால் வேறு யாருடையதோ போல இருக்குமே, அப்படி இருந்தது உள்ளே எல்லாம். வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்ற கவலைகூட இல்லை.

ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆறாம் நாள் காலை எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மணி எட்டரை ஆனதும் கால் அந்தப் பக்கம் போயிற்று, அவ்வளவுதான். கீழ்த்தளத்தில், ஆணி துருப்பிடித்துத் திறக்க முடியாமல் இருபத்திரண்டு வருஷமாக ஒதுக்கி வைத்திருந்த பதினான்காம் பெட்டி கண்ணில் பட்டது. உளியை வைத்து நெம்பித் திறந்தாள். உள்ளே முப்பத்தெட்டுத் தகடுகள். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ படம் பிடிக்கிறவள் அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டையும் பிடித்து முடித்துவிட்டாள். மதியம் சாப்பிட்டாளா என்று அவளுக்கே நினைவில்லை.

அண்ணிக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து இவளிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தால் பரவாயில்லை, அண்ணியால் அது முடிகிற காரியமா? தன் வாசலில் படுத்திருக்கும் பூனையிடம் பேசினாள். தெரு முழுக்கக் கேட்கும். "ஏ பூனை, கேட்டியா, சில பேருக்குக் கல்லால நெஞ்சு செஞ்சு வெச்சிருக்கான். ஆறாம் நாளே சைக்கிள எடுத்துட்டா மகராசி." பூனை காதைக்கூட அசைக்காது. கண்ணாடியக்காவும் காதில் போட்டுக்கொள்ளாமல் பெடலை மிதித்துப் போவாள். அண்ணி சொல்வது சரிதான் என்றே அவளுக்குத் தோன்றியது. கல்லாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படியா இருக்கும்?

பதினான்காம் பெட்டியில் இருந்து கிளம்பியது அதற்குப் பிறகான கூத்தெல்லாம். அதில் இருபத்திரண்டாவது படம் கல்லூரித் தெரு. சந்தை முனையில் இருந்து எடுத்தது. தெருக்கோடியில் மணிக்கூண்டு பாதி கட்டி நிற்கிறது. இரண்டு வரிசை வீடுகளும் புத்தம் புதிதாக இருக்கின்றன. ஐந்தாவது வீட்டுப் படியில் பதினோரு பையன்களும் ஒரு வாத்தியாரும் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கல்லூரி முதன்முதலில் ஒரு வாடகை வீட்டில் பதினோரு மாணவர்களோடு தொடங்கியது என்பது ஊரறிந்த கதை. எந்த வீடு என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. பழைய காகிதங்களில் 'கல்லூரித் தெரு, ஐந்தாம் வீடு' என்று மட்டும் இருந்ததே தவிர, எந்த வரிசை என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது படம் சொல்லிவிட்டது: இடது வரிசை. கணவர் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. தன் தெரு என்பதால் ஊரைச் சுற்றாமலே கண்ணாடியக்கா அதற்கு மட்டும் சீட்டு எழுதினாள். கல்லூரி முதல்வருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பத்திரிகையில் வந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாக்கிப் பேனர் கட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து நகராட்சி தெருவை அகலப்படுத்தப் போவதாக அறிவித்தது. இரண்டு வரிசையில் ஒன்று போக வேண்டும். போகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்கு மாடியில் வீடு தருவார்கள். எந்த வரிசை என்று கேட்டதற்கு, எனக்கு எதுவானாலும் ஒன்றுதான் என்று நகராட்சி இன்ஜினியரம்மா கையை விரித்தாள். முதல்வர் உடனே படத்தோடு போய் நின்றார். கல்லூரி பிறந்த வீடு இருக்கிற வரிசை நிற்கட்டும், மற்றது போகட்டும் என்று முடிவாயிற்று. கண்ணாடியக்கா வீடு தப்பித்தது. அண்ணி வீடு போக வேண்டியது. இடது வரிசை மூன்றாவது வீட்டில் குடியிருந்த ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். மறுநாளே கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டார்.

"கேட்டியா பூனை," என்றாள் அண்ணி அன்று சாயங்காலம். சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. "எட்டாவது மாடியாம். முட்டி வலிக்கு நல்லதுன்னு குடுத்திருப்பாங்க போல. உன்ன அங்க சேர்க்க மாட்டாங்களாம்."

கண்ணாடியக்கா சைக்கிளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அண்ணி போய்விட்டால் தெரு அமைதியாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட வேண்டும் என்றும் நினைத்தாள். வெட்கம் வரவில்லை.

பேனர் கட்டிப் பத்து நாள் அவள் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினோராம் நாள் காலை, கல்லூரி வாசலில் சைக்கிளை விட்டு இறங்கும்போது உடுப்பின் வலது ஓரத்தில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. புதிதல்ல, அவள் சைக்கிளின் சங்கிலிக்கு மூடி கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய எல்லா உடுப்புக்கும் வலது ஓரத்தில் கறை உண்டு. குனிந்து துடைத்துவிட்டு நிமிர்ந்தவள் பேனரைப் பார்த்தாள். ஆறாவது வீட்டுச் சுவரில் ஒரு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. சின்னப் படத்தில் அது ஒரு புள்ளி. இப்போது கம்பி கம்பியாகத் தெரிந்தது. சங்கிலி தெரிந்தது. முன்சக்கரம் இடது பக்கம் பார்த்திருந்தது.

அவள் தன் சைக்கிளைப் பேனருக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். சங்கிலி தெரிகிற பக்கமாக நின்று பார்த்தாள். முன்சக்கரம் வலது பக்கம் இருந்தது. அதே மாதிரி இடது பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். சங்கிலி மறைந்துவிட்டது. வாசல் காவலாளி, "என்னக்கா, சைக்கிளுக்குப் படம் காட்டறீங்களா?" என்று கேட்டார். அவள் கீழே போனாள்.

பதினான்காம் பெட்டியைத் திறந்தாள். கையுறை போட்டு இருபத்திரண்டாம் தகட்டை எடுத்து முறைப்படி மங்கல் கீழேயாக வைத்தாள். சைக்கிளின் முன்சக்கரம் வலது பக்கம் திரும்பிற்று. பதினோரு பையன்களும் வாத்தியாரும் தெருவைக் கடந்து அண்ணியின் வரிசைக்குப் போனார்கள். மற்றத் தகடுகளையும் ஒவ்வொன்றாக வைத்துத் தன் படத்தோடு ஒப்பிட்டாள். சாயங்காலம் ஆயிற்று. முப்பத்தெட்டும் மாறியிருந்தன. ஒன்றுகூடச் சரியாக இல்லை.

அதைச் செய்தது தன் கை என்பதை அவளால் நம்ப முடியவில்லை. நம்ப முடியாத அதிர்ச்சியும் வரவில்லை. சொன்னால் தன் வீடு போகும். கணக்கு வாத்தியார் முதல் பதின்மூன்று குடும்பம் தன்னை வாய்க்கு வந்தபடி திட்டும். சொல்லாவிட்டால் அண்ணி எட்டாவது மாடிக்குப் போவாள். இரண்டையும் வைத்து யோசித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே கனமாக, கனமே இல்லாமல் இருந்தது. பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

மூன்று நாள் இப்படிப் போயிற்று. நான்காம் நாள் நூலகர் ஒரு தாளோடு கீழே வந்தார். முதல்வர் ஐந்தாவது வீட்டு வாசலில் கல் பதிக்கப் போகிறாராம், கல்லில் வெட்ட வாசகம் வேண்டுமாம், உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள் என்றார். அவள் பேனாவைத் திறந்து 'கல்லூரித் தெரு' என்று எழுதினாள். அடுத்த சொல் 'இடது'. எழுத வரவில்லை. நியாயம், தர்மம் என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை; அப்படி இருந்ததாகச் சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். தெரிந்தே தப்பாக ஒரு சீட்டு எழுதிப் பழகாத கை, அவ்வளவுதான்.

"சார், படம் மாறியிருக்கு. இடது இல்ல, வலது," என்றாள்.

நூலகர் உட்கார்ந்துவிட்டார். அவள் சொல்லச் சொல்ல முகம் வெளிறிற்று. "எத்தன தகடு?"

"எல்லாம்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல சார்."

நூலகர் கதவைப் பார்த்தார், மேலே கூரையைப் பார்த்தார், எதையோ மென்று விழுங்கினார். "உங்க வீடும் போயிடுமேம்மா. நல்லா யோசிச்சீங்களா? நான் எதையும் கேக்கலன்னு வெச்சுக்கலாம்."

"யோசிச்சுப் பாத்துட்டேன் சார். ஒண்ணும் தோணல."

"அப்ப எழுதிக் குடுத்துடுங்க," என்றார் நூலகர். பழக்கதோஷம், வேறு என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. பிழைச் சீட்டுக் கட்டை முதல்முறையாகப் பிரித்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அவள் நிரப்பினாள். செய்தவர், தேதி, பிழை, எண்ணிக்கை எல்லாம் எழுதினாள். கடைசிக் கட்டத்தில் 'காரணம்' என்று இருந்தது. அதைக் காலியாக விட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கல்லூரி மண்டபத்தில் கூட்டம். இரண்டு வரிசைக்காரர்களும் வந்திருந்தார்கள், இரண்டு பக்கமாகப் பிரிந்து, நடுவில் ஒரு தெரு அளவு இடம் விட்டு. அண்ணி முட்டியைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இன்ஜினியரம்மா சீட்டைப் படித்துக் காட்டினாள். பிறகு கண்ணாடியக்கா மேடையேறிச் சைக்கிளையும் சங்கிலியையும் பற்றி நான்கு வாக்கியத்தில் சொன்னாள்.

"அப்படின்னா எடுக்க வேண்டியது இடது வரிசை," என்றாள் இன்ஜினியரம்மா. "உங்க வீடும் அதுலதான இருக்கு?"

"ஆமா."

அவ்வளவுதான், இடப்பக்கம் கொதித்துக் கிளம்பிற்று. கணக்கு வாத்தியார் நாற்காலியில் ஏறி நிற்காத குறை. "இது திட்டம் போட்டுப் பண்ணது மேடம்! நான் நாற்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவன். ஒரு காச முப்பத்தெட்டு தடவ சுண்டினா முப்பத்தெட்டு தடவையும் பூவா விழும்? கவனக்குறைவுன்னா பாதியாவது சரியா இருக்கணும். வேணும்னே பண்ணாத்தான் முப்பத்தெட்டும் தப்பா இருக்கும். இந்தம்மாவோட நாத்தனார் வீடு அந்தப் பக்கம். விசாரிச்சுப் பாருங்க!"

"நாத்தனாரும் அவங்களும் பேசிக்கறதே இல்லையே," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள்.

இன்ஜினியரம்மா கையைத் தட்டி அடக்கினாள். "சார் சொல்றதுல ஒண்ணு சரி. காரணம்னு போட்ட கட்டம் காலியா இருக்கு. காரணம் இல்லாம மேல அனுப்பினா திருப்பி அனுப்பிடுவாங்க, பழைய முடிவே நிக்கும். சொல்லுங்கம்மா. எப்படி எல்லாமே மாறிச்சு?"

"தெரியல," என்றாள் கண்ணாடியக்கா.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. உடம்பு சரியில்லையா? வெளிச்சம் பத்தலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. வெளிச்சமும் இருந்துச்சு. எனக்குத் தெரியல மேடம்."

பொய் சொல்லத் தெரியாதவளிடம் உண்மையும் இல்லாமல் போனால் என்ன செய்வது? அவள் மேடையில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். கணக்கு வாத்தியார் வெற்றிப் புன்னகையோடு நாற்காலியில் சாய்ந்தார்.

அப்போது அண்ணி எழுந்தாள். எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"தேதி என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். தொலைபேசி நிலையத்துத் தொண்டை, ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

இன்ஜினியரம்மா தேதியைப் படித்தாள்.

அண்ணி உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள். போட்டு முடித்ததும் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "முப்பத்தெட்டுமா?" என்றாள். எட்டு மாதத்தில் முதல்தடவையாக நேராக இவளைப் பார்த்துக் கேட்டாள். "ஒண்ணுகூடவா சரியா வைக்கல?"

"ஒண்ணுகூட இல்ல அண்ணி."

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ தப்பா வெச்சிருக்க?"

"வெச்சதில்ல."

அண்ணி இன்ஜினியரம்மா பக்கம் திரும்பினாள். "காரணம் நான் சொல்றேன், எழுதிக்கங்க. நான் எதிர் வரிசைக்காரி, எனக்கு இதுல லாபம் இருக்கு, அதையும் சேத்து எழுதிக்கங்க. அன்னிக்கு இவ புருஷன் செத்து ஆறாவது நாள். என் தம்பி. இவ வேலைக்குப் போனா. கல்நெஞ்சுக்காரின்னு நான்தான் தெருவெல்லாம் சொன்னேன். கையே நடுங்கலன்னு சொன்னேன்." கணக்கு வாத்தியார் பக்கம் திரும்பினாள். "இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணு தப்பா வைக்காதவ, அன்னிக்கு ஒண்ணுகூட சரியா வைக்கல. கணக்கு வாத்தியாரே, நீங்களே போட்டுப் பாருங்க கணக்கு. இதுக்கு மேல என்ன காரணம் வேணும்?"

கணக்கு வாத்தியார் தன் செருப்பைப் பார்த்தார். இன்ஜினியரம்மா எழுத ஆரம்பித்தாள். நூலகர் மூக்கைச் சிந்தினார்.

அண்ணி முட்டியை ஊன்றி ஊன்றி மேடைக்கு வந்து சேர்ந்தாள். "நான் ஒரு சொட்டுக் கண்ணீரத் தேடிக்கிட்டுக் கெடந்தேன்டி," என்றாள், இந்த முறை மெதுவாக. "எட்டு மாசமா."

கண்ணாடியக்கா அவளைப் பார்த்தாள். மண்டபத்தில் இருந்த முகங்களைப் பார்த்தாள். இன்ஜினியரம்மாவின் பேனா தாளில் ஊர்வதைப் பார்த்தாள். அங்கே எழுதப்படுவது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் எட்டியது போலிருந்தது. எட்டியதும் வலித்தது. நெஞ்சுக்கு நடுவில், மூச்சை நிறுத்துகிற அளவுக்கு வலித்தது.

"அண்ணி," என்றாள், அண்ணிக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்கிறவள் போல. "அவர் செத்துட்டாரு."

"ஆமாண்டி," என்றாள் அண்ணி. "செத்துட்டான்."